சிமிட்டும் விளக்கும் திருச்செங்கோட்டுத் தேர்நோம்பியும்

வைகாசி விசாகத் தேர்நோம்பிக்கு நாலைந்து நாட்களுக்கு முன்னால் திருச்செங்கோட்டு வீதிகளில் நடந்து செல்பவர்கள், மூங்கில் சாரத்தின்மேல் ஏறி நின்றுகொண்டு, மயிலாகவும் வேலாகவும் வளைத்துக் கட்டிய சட்டங்களைக் கயிறு போட்டுத் தூக்கி நிறுத்தும் சீரியல் செட்டுக்காரர்களைக் காணலாம். அவர்களில் ஒருவரிடம் போய், “அண்ணா, மயிலோட கழுத்து மட்டும் ஏனுங்க இப்படி மினுக்கு மினுக்குனு அடிக்குது?” என்று கேட்டால், அவர் மயிலை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே ஓர் எதிர்க்கேள்வி போடுவார்: “எதுல ஓடுதுங்க? கரண்ட்டா, ஜெனரேட்டரா, பேட்டரியா?”

விளக்கில் கண்ட கோளாற்றுக்கு விளக்கைப் பாராமல் அதற்குச் சோறு போடுகிறவனை விசாரிக்கும் இந்த வழக்கம், முதன்முதல் கேட்கும்போது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருந்தது. பின்னால் அத்தொழிலில் இருப்பவர்களோடு பேசிப் பழகிய அனுபவத்தில்தான், அந்த ஒரு கேள்விக்குள் இவ்வூரின் விளக்குச் சரித்திரம் முழுவதும் மடிந்து கிடக்கிறது என்பது விளங்கிற்று. இன்னொரு விசித்திரமும் உண்டு. சிமிட்டாத விளக்கைச் சிமிட்ட வைப்பதற்காக ஜனங்கள் இவருக்குப் பணம் கொடுக்கிறார்கள். தானாகச் சிமிட்டும் விளக்கை நிறுத்துவதற்கும் இவருக்கேதான் பணம் கொடுக்கிறார்கள். இவ்விரண்டு கூலிக்கும் நடுவில் சுமார் நூறு வருஷத்துக் கதை இருக்கிறது.

சம்பந்தர் பாடிய கொடிமாடச் செங்குன்றூர் இதுதான் என்பதும், ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட படிகள் ஏறிச் சென்றால் மலையுச்சியில் அர்த்தநாரீசுவரர் எழுந்தருளியிருக்கிறார் என்பதும், வழியில் பாறையின் மேல் அறுபது அடி நீளத்துக்கு நாகம் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது என்பதும், அறுபதாம் படியில் நின்று செய்யும் சத்தியத்தைப் பொய்ப்பிக்க இப்பகுதியில் ஒருவரும் துணிய மாட்டார் என்று சொல்லப்படுவதும் தமிழ்நாட்டார் பலர் அறிந்தவையே. ஆனால் மின்சாரம் வருவதற்கு முந்திய காலத்தில் அந்தப் படிகளில் இரவில் ஏறி இறங்கியவர்களின் கண்ணுக்கு அவை எப்படித் தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பந்தத்தின் நெருப்பு ஒரு கணமும் ஒரே அளவில் நிற்பதில்லை. காற்றடித்தால் சாய்கிறது, எண்ணெய் ஊற்றினால் எழும்புகிறது, துணி கருகினால் அடங்குகிறது. அந்த வெளிச்சம் பாறையிலுள்ள நாகத்தின்மேல் விழும்பொழுது, செதுக்கிய செதில்களின் நிழல் நீண்டும் குறுகியும் மாறுவதால், கல் பாம்பு நெளிவதாகவே தோன்றும். இன்றும் மின்விளக்கை அணைத்துவிட்டு ஒரு தீவட்டியைக் கொண்டுபோய்க் காட்டினால் இதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். அந்தக் காலத்தில் விளக்கு சிமிட்டுகிறது என்று ஒருவரும் குறைகூறியிருக்க முடியாது. சிமிட்டாத நெருப்பை அவர்கள் கண்டதில்லை.

எரிந்த எண்ணெய் பெரும்பாலும் இம்மண்ணில் விளைந்ததுதான். இந்த மேட்டாங்காடுகளில் கடலைக்கு நடுவிலும் வரப்போரத்திலும் போடும் கொட்டமுத்தை ஆட்டினால் விளக்கெண்ணெய். கோவில் தோப்புகளில் இலுப்பை. பழந்துணியைச் சுற்றி எண்ணெயில் தோய்த்த தீவட்டியை ஏந்தி உற்சவ மூர்த்திக்கு முன்னும் பின்னும் நடப்பது ஊருக்கு ஊழியம் செய்யும்படி விதிக்கப்பட்ட சாதியார் சிலரின் கடமையாக இருந்தது. வெளிச்சம் சுவாமியின்மேலும் சுவாமிக்கு அருகில் நிற்கத் தகுதி பெற்றவர்கள்மேலும் விழுந்தது. சூடும் புகையும் சொட்டும் எண்ணெயும் ஏந்தியவனுக்குச் சேர்ந்தன. பழைய திருவிழாக்களின் அழகை வருணிப்பவர்கள் இந்தப் பங்கீட்டைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

பிறகு கேஸ் லைட்டு வந்தது. பெட்ரமாக்ஸ் என்று நாம் பொதுப்பெயராகவே வழங்கும் அவ்விளக்கு, பெர்லின் நகரத்தில் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவருடைய தொழிற்சாலையில் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவானது. பெட்ரோலியம் என்னும் சொல்லின் முற்பாதியும் அவருடைய பெயரின் முற்பாதியும் சேர்ந்து அப்பெயர் ஏற்பட்டது. கீழே மண்ணெண்ணெய், அதைப் பம்பு அடித்து அழுத்தி, ஸ்பிரிட்டால் சூடேற்றிய குழாய் வழியே ஆவியாக்கி, மேலே தொங்கும் சிறு வலைப்பையில் எரிய விட்டால், கண் கூசும் வெண்ணிறப் பிரகாசம். நெருப்பு அங்கே ஒளியைத் தருவதில்லை, சூட்டை மட்டுமே தருகிறது. அச்சூட்டில் வெண்மையாகக் கனன்று ஒளி வீசுவது வலைப்பையில் ஏறியிருக்கும் தோரியம் என்னும் உலோகத்தின் ஆக்ஸைடு. நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியமும் ஒரு பங்கு சீரியமும் கலந்தால்தான் அந்த ஒளி வரும் என்று கண்டுபிடித்தவர் ஆஸ்திரியா தேசத்து ஆவர் ஃபான் வெல்ஸ்பாக்.

இந்த மேண்டிலுக்குத் தமிழ் மண்ணோடு ஒரு பந்தம் இருப்பது பலருக்குத் தெரியாது. 1909-ஆம் ஆண்டில் ஷாம்பெர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூர்க் கரையிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் தோரியம் அடங்கிய மோனசைட் இருப்பதைக் கண்டார். அடுத்த வருஷமே குமரிக்கு அருகிலுள்ள மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. ஆகவே நம் கடற்கரை மணல் கப்பலேறிச் சீமைக்குப் போய், மேண்டிலாக மாறித் திரும்பி வந்து, கொங்கு நாட்டுக் கல்யாண ஊர்வலங்களில் எரிந்திருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

பெட்ரமாக்ஸும் ஒரு வகையில் சிமிட்டியதுதான்; ஆனால் அதன் சிமிட்டல் மெதுவானது. அழுத்தம் குறையக் குறைய வெளிச்சம் பழுத்து மஞ்சளாகும். வாடகைக்கு விட்டவருடைய ஆள் ஓடிவந்து பத்துத் தடவை பம்பு அடித்தால் மறுபடி வெளுக்கும். விளக்கைத் தலையில் சும்மாட்டின்மேல் வைத்துச் சுமந்தவர்களுக்குக் கழுத்தைத் திருப்பவும் வழியில்லை. ஒரு விரல் பட்டால் மேண்டில் உதிர்ந்துபோகும். 1984-இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணியும் செந்திலும் அதை வைத்துச் செய்த நகைச்சுவையால் இந்த உண்மை தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் பாடமாகிவிட்டது. சைக்கிள் கடைக்காரரே பெட்ரமாக்ஸையும் வாடகைக்கு விட்டார் என்பதற்கு அப்படம் ஒரு சாசனம் போல நிற்கிறது. வாடகை விளக்குத் தொழிலின் மூதாதையர் அவர்களே. இன்று ஒலி, ஒளி, பந்தல் மூன்றையும் சேர்த்துச் செய்பவர்கள் அந்தக் கிளையில் வந்தவர்கள்.

இனி மின்சாரத்தின் கதைக்கு வருவோம். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவியது 1925-ஆம் ஆண்டு. மேட்டூரில் காவிரிக்குக் குறுக்கே அணை கட்டும் வேலை ஆரம்பமானதும் அதே ஆண்டு. ஓரிடத்தில் கையால் சுற்றும் இராட்டை. இன்னோரிடத்தில் பல ஆயிரம் கூலிகள் சேர்ந்து எழுப்பும் பிரமாண்டமான சுவர். ஒன்றைப் பற்றி மற்றொன்று என்ன நினைத்திருக்கும் என்பது தனிக்கதை. அணை 1934-இல் திறக்கப்பட்டது. அதன் அடியில் நிறுவிய மின்நிலையம் 1937-இல் வேலை செய்யத் தொடங்கிற்று. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே நீலகிரியில் பைகாரா மின்நிலையம் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆலைகளுக்குச் சக்தி கொடுக்கத் தொடங்கியிருந்தது. பைகாராவும் மேட்டூரும் கம்பிகளால் இணைக்கப்பட்டபின், மேற்கு மலையின் மழையும் காவிரியின் வெள்ளமும் ஒரே கம்பியில் கலந்து ஓடின. மேட்டூரில் மடை திறந்த தண்ணீர் பள்ளிபாளையம் கரையைத் தொடுவதற்கு எத்தனையோ நாழிகை ஆகும்; அதே தண்ணீரின் வேகம் மின்சாரமாகிக் கண் இமைப்பதற்குள் வந்துவிடும்.

அக்காலத்தில் மின்சாரத்தை நகரங்களுக்கு விநியோகித்தவை பலவிடங்களில் தனியார் கம்பெனிகளே. சேலம்–ஈரோடு மின் விநியோகக் கம்பெனி என்று ஒன்று இருந்ததும், அதன் தொழிலாளர் வழக்கு 1960-களில் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றதும் சட்டப் புஸ்தகங்களில் உள்ளன. 1957-இல் சென்னை ராஜ்ய மின்சார வாரியம் அமைந்தது. ஆயினும் கம்பம் நட்ட மாத்திரத்தில் விளக்குக் கவலை தீர்ந்துவிடவில்லை. கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வைத்த இந்தச் சீமையில், மாலையில் நாலு பேர் மோட்டார் போட்டால் ஐந்தாவது வீட்டுக் குண்டு பல்பு சிவந்த மிளகாய்ப் பழம் போலச் சுருண்டுவிடும். டியூப் லைட்டோ ஸ்டார்ட்டர் தட்டித் தட்டி எரிய முயன்று, இரு முனையும் சிவந்து, சாப்பாட்டு வேளை முழுவதும் கண்ணடித்துக் கொண்டிருக்கும். லோ வோல்டேஜ் என்னும் சொல் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாருக்கும் அப்போதுதான் பழக்கமாயிற்று.

இந்தச் சூழ்நிலையில்தான் சீரியல் செட்டு கோவிலுக்கு வந்து சேர்ந்தது. மின்விளக்குகளைச் சரமாகக் கோத்து அலங்காரம் செய்யும் யோசனை, எடிசனோடு வேலை செய்த எட்வர்ட் ஜான்சன் என்பவர் 1882-இல் நியூயார்க்கில் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் எண்பது சிறு விளக்குகளை ஏற்றியபோது தொடங்கியது. அந்த மரத்தையே சுழல வைத்து விளக்குகளை மாறி மாறி எரியவும் செய்தார் என்பதால், சிமிட்டும் அலங்காரத்துக்கும் அவரே ஆதிபுருஷர்.

சீரியல் செட்டின் கணக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் புரியக்கூடியது. வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். சின்ன பல்பு தாங்குவது 6.3 வோல்ட். ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 36 பல்புகளைக் கோத்தால், ஆளுக்குச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு எரியும். (இந்த 6.3 என்னும் விநோதமான எண் மோட்டார் வண்டியிலிருந்து வந்தது: 2.1 வோல்ட் வீதம் மூன்று அறை கொண்ட பழைய பேட்டரியின் மொத்தம் அது. அப்புறம் வால்வு ரேடியோவுக்கும் அதன் முகப்பு விளக்குக்கும் அதுவே அளவாகிவிட்டது.) ஆனால் பங்காளிகளில் ஒருவன் இறந்தால் குடும்பம் முழுவதும் இருளும். முப்பத்தாறில் எந்தப் பல்பு போயிற்று என்று கண்டுபிடிப்பது தேர்நோம்பி ராத்திரியில், சாரத்தின்மேல், கீழே ஜனங்கள் கூச்சலிட, செய்யவேண்டிய வேலை. நல்ல பல்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஹோல்டராக மாற்றிப் பார்ப்பார்கள்; கைப்பழக்கம் உள்ளவர்கள் சரத்தை நடுவில் பிரித்து, டெஸ்டரை வைத்து, எந்தப் பாதியில் கோளாறு என்று பார்த்து, அந்தப் பாதியையும் பாதியாக்கி, ஐந்தாறு சோதனைக்குள் திருடனைப் பிடித்துவிடுவார்கள்.

மாற்றுப் பல்பு கையில் இல்லையென்றால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டி ஹோல்டரில் திணித்துவிடுவதும் உண்டு. அப்போதைக்குச் சரம் எரியும். ஆனால் இறந்தவனுடைய பங்கை உயிரோடிருப்பவர்கள் சுமக்கவேண்டி வருகிறது. ஆறு பல்பு போய் ஆறு ஈயத்தாள் ஏறிவிட்டால், மீதி முப்பதில் ஒவ்வொன்றுக்கும் 7.6 வோல்ட்டுக்கு மேல் விழும். ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல் என்று அலட்சியம் செய்யலாகாது, அந்தக் கூடுதலிலேயே டங்ஸ்டன் இழையின் ஆயுள் ஏறக்குறையப் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். அதனால்தான் ஈயத்தாள் வைத்த செட்டு நோம்பி முடிவதற்குள் மொத்தமாகப் படுத்துவிடுகிறது.

சிமிட்ட வைக்கும் வித்தை தனியானது. அதில் எளியது, சரத்தின் தலையில் சேர்க்கும் ஒரு தனிப் பல்பு. அதனுள்ளே இரு வேறு உலோகங்களை ஒட்டிய சிறு தகடு இருக்கிறது; சூடேறினால் ஓர் உலோகம் மற்றதைவிட அதிகம் நீளும், தகடு வளையும், தொடர்பு விட்டுப்போகும், சரம் முழுவதும் அணையும்; ஆறினால் தகடு பழைய நிலைக்கு வரும், மீண்டும் எரியும். மூச்சு வாங்குவது போன்ற இந்தச் சிமிட்டல் வோல்டேஜுக்கு ஏற்றபடி வேகம் மாறும். நல்ல கரண்ட்டில் சுறுசுறுப்பாக இமைத்த சரம், எட்டு மணிக்கு மோட்டார்கள் ஓடத் தொடங்கியவுடன் தூங்கி வழியும். விளக்கைப் பார்த்தே ஊரில் எத்தனை கிணறு இறைக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று வேடிக்கை பேசுவார்கள்.

மயில் தோகை விரிப்பதற்கும், முருகன் கையிலிருந்து வேல் பாய்ந்து சூரன் மார்பில் தைப்பதற்கும் அது போதாது. அதற்கு உருளை வேண்டும். சிறு மோட்டாரால் சுழலும் மர உருளையின்மேல் செப்புத் தகடுகளை வெவ்வேறு நீளத்தில் அறைந்து, அவற்றின்மேல் வரிசையாகத் தொட்டு நிற்கும் செம்பு விரல்களில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சரத்துக்கு ஒயர் போகும்படி செய்தால், எந்தத் தகடு எப்போது விரலைத் தொடுகிறதோ அந்தச் சரம் அப்போது எரியும். கதையை உருளையில் தகடுகளாக எழுதிவைத்து, சுற்றிச் சுற்றி ஒளியால் படிக்கச் செய்யும் இந்த ஏற்பாட்டை நான் கலையென்றே சொல்வேன். பந்தலுக்குப் பின்னால், பச்சை நிறப் பொறிகள் தெறிக்க, செம்பு கருகிய வாசனையோடு உருளை ஓடிக்கொண்டிருக்கும்; அதற்குக் காவலாக ஒருவர் உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்திருப்பார். முன்புறம் நிற்கும் கூட்டத்துக்கு மயில் மட்டும் தெரியும். அருகிலுள்ள டீக்கடை ரேடியோவில் ஒவ்வொரு தோகைக்கும் ஒரு கரகரப்புக் கேட்கும்.

555 என்ற எண் கொண்ட சில்லு 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிறந்து, சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளானபின், உருளை மெல்ல மெல்ல மறைந்தது. தாளம் போட 555. ஒன்று முதல் பத்து வரை எண்ண 4017 என்ற மற்றொன்று. சரத்துக்கு மின்சாரத்தைத் திறந்துவிட எஸ்.சி.ஆர். என்னும் வாயில்காப்போன். கைப்பெட்டி அளவில் அடங்கிய இந்தச் சாமான் பொறி தெறிக்காது, உப்புத்தாள் கேட்காது. இந்த வாயில்காப்போனுடைய சுபாவத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களை வேண்டுகிறேன்; பின்னால் அவன் தொல்லை கொடுக்கப் போகிறான்.

மின்வெட்டு வழக்கமான காலத்தில் ஜெனரேட்டர் வந்தது. ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு இந்தியா முழுவதும் பேர்போன திருச்செங்கோட்டில் டீசல் எஞ்சினைப் பழுது பார்க்க ஆள் தேட வேண்டியதில்லை என்பது ஓர் அனுகூலம். ஆனால் எஞ்சின் தரும் மின்சாரம் மேட்டூர் மின்சாரத்தைப் போல் சாந்தமானதன்று. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுற்றினால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் உள்ளே எரிபொருள் வெடிக்கிறது. அதாவது நொடிக்குப் பன்னிரண்டரை உதை. ஒவ்வோர் உதைக்கும் சக்கரம் முந்துகிறது, பிறகு தளர்கிறது. விளக்கும் அப்படியே ஏறி இறங்குகிறது. மனிதக் கண்ணுக்கு மிகவும் உறுத்தலாகத் தெரியும் சிமிட்டல் ஏறத்தாழ அந்த வேகத்தில்தான் இருக்கிறது என்பது நம்முடைய துரதிருஷ்டம். கனமான சக்கரம் பூட்டிய எஞ்சினில் அது குறையும். நியூட்ரல் ஒயர் கழன்றுவிட்டால் வரும் ஆபத்தோ வேறு: மூன்று பேஸில் ஓடும் ஜெனரேட்டரில் நியூட்ரல் போனால், சுமை குறைந்த பேஸிலுள்ள விளக்குகளுக்கு 400 வோல்ட்டை நெருங்கிய அடி விழுந்து, ஒரு வீதியே ஒரு கணம் பகலாகிவிட்டு அப்புறம் கருகிப்போகும்.

இவ்வளவையும் பழைய குண்டு பல்பும் சீரியல் பல்பும் எப்படியோ சகித்துக்கொண்டன. காரணம் அவற்றின் சூடு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னுமாக அலைவதால், நூறு முறை ஒன்றுமில்லாமல் போகிறது. இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் கனலும் இழை அந்த நூறில் ஒரு பங்கு நொடிக்குள் ஆறிவிடுவதில்லை. கரண்ட் வராத வேளையிலும் முன்வாங்கிய சூட்டைக் கொண்டு சமாளிக்கிறது. வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக வீணடிக்கும் ஊதாரியாயினும், மின்சாரத்தின் குற்றங்குறைகளை வெளியே சொல்லாமல் மறைத்துவைத்த பெருந்தன்மை அதற்கு இருந்தது.

எல்.இ.டி.க்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது, நீலம் கிடைக்காததால் வெள்ளை ஒளி வர முடியவில்லை. 1990-களின் தொடக்கத்தில் நீலத்தைச் சாதித்த ஜப்பானிய விஞ்ஞானிகள் மூவருக்கு 2014-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அதற்கு அடுத்த வருஷம் மத்திய அரசு வீடுகளுக்கு மலிவு விலையில் எல்.இ.டி. பல்பு கொடுக்கும் உஜாலா திட்டத்தைத் தொடங்கியது. அதே காலத்தில் சீனத்துச் சரங்கள் மூட்டை மூட்டையாக வந்து, சீரியல் பல்பைச் சந்தையிலிருந்து தள்ளிவிட்டன. எல்.இ.டி. ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை ஏற்கும். வேறு சாதனம் சேர்க்காமல் வீட்டுக் கரண்ட்டில் நேரே கோத்தால், பாதி அலைக்கு எரிந்து பாதி அலைக்கு அணைந்து கிடக்கும். மாதொருபாகன் ஊரில் பாதி ஒளியும் பாதி இருளுமாய் ஒரு விளக்கு இருப்பதில் தவறில்லை என்று சீரியல் செட்டுக்காரர் ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நொடிக்கு ஐம்பது தரம் என்பதால் நிலையாக நின்று பார்த்தால் தெரியாது. தேரை நோக்கித் தலையைச் சட்டென்று திருப்பும்போது ஒளிக்கோடு புள்ளி புள்ளியாக உடைவதைக் காணலாம்.

ஆகவே இப்போது மயிலின் கழுத்து மினுக்கினால், அவர் கேட்கும் முதல் கேள்விக்கு வேலை இருக்கிறது. அதே சரத்தைக் கழற்றி, ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக் கரண்ட்டுக்கு மாற்றிப் பார்க்கிறார். அங்கே நிலையாக எரிந்தால் குற்றம் எஞ்சினுடையது. அங்கும் மினுக்கினால் பக்கத்துச் சரத்தை அதே இடத்தில் மாட்டிப் பார்க்கிறார். அது நன்றாக எரிந்தால் கோளாறு சரத்தில், பெரும்பாலும் உள்ளேயிருக்கும் கெபாசிட்டர் வெயிலில் உலர்ந்துபோனதில். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டகையின் கீழ் கிடக்கும் சாமான்களுக்கு இந்த வியாதி சகஜம். பேட்டரி இன்வெர்ட்டரில் மட்டும் தகராறு செய்தால், அதன் அலை சதுரமாக, செங்குத்தாக ஏறி இறங்குவதை மலிவான பல்பின் கெபாசிட்டர் தாங்கவில்லை என்று பொருள்.

எல்லாவற்றிலும் விநோதமானது, ஸ்விட்சை அணைத்தபின் சிமிட்டும் விளக்கு. நள்ளிரவில் வீட்டுக் கூடத்தில் ஆள் இல்லாமல் நாலைந்து நொடிக்கொரு தரம் பல்பு ஒன்று மின்னி மறைந்தால், பேயென்று பயப்படுகிறவர்களும் உண்டு. ஸ்விட்சிலுள்ள சிறு சிவப்பு நியான் விளக்கு வழியாகவோ, நெடுந்தூரம் சேர்ந்தே ஓடும் இரண்டு ஒயர்களுக்கிடையிலோ ஒரு துளி மின்சாரம் கசிகிறது, அது பல்பினுள் இருக்கும் கெபாசிட்டரில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, போதிய அளவு நிறைந்ததும் ஒரு கணம் பாய்ந்து தீர்ந்துவிடுகிறது, மறுபடி சேருகிறது. ஒயர்மேன் பேஸுக்குப் பதிலாக நியூட்ரலில் ஸ்விட்சு வைத்திருந்தாலும் இப்படி ஆகும். அது உயிருக்கே ஆபத்து, உடனே திருத்தவேண்டியது. குண்டு பல்பு இருந்த காலத்தில் இந்தக் கசிவெல்லாம் இழை வழியாகச் சத்தமின்றிப் போய்விடும்.

குண்டு பல்பின் இடத்தில் எல்.இ.டி. வைப்பதால் வரும் இத்தகைய தொல்லையை உலகத்தின் மறுகோடியில் வேறொரு கூட்டத்தார் அனுபவித்து வருகிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு மிகுந்த உற்சாகம் உண்டாயிற்று. சிகாகோ நகரத்தில் செழித்து வளர்ந்த பின்பால் என்னும் விளையாட்டு யந்திரத்தை நம்மவர் சினிமாவில் பார்த்திருக்கலாம்: சாய்ந்த பலகை, உருளும் எஃகுக் குண்டு, இடையிடையே முட்டினால் மணியடித்து ஒளிரும் முளைகள். நியூயார்க் நகரசபை இதைச் சூதாட்டமென்று 1942-இல் தடைசெய்து, 1976-இல்தான் விலக்கிற்று. ஆரம்பத்தில் உலர்ந்த பேட்டரியில் ஓடிய அந்த யந்திரம் பிறகு டிரான்ஸ்பார்மருக்கு மாறியது. அதன் விளக்குகள் நம் சீரியல் பல்பின் உடன்பிறப்பான அதே 6.3 வோல்ட் பல்புகள். சில்லுகள் வந்தபின் ஒரு கம்பெனி 64 விளக்குகளை எட்டு வரிசையாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் எட்டில் ஒரு பங்கு நேரமே, ஆனால் சுமார் 18 வோல்ட் அழுத்தத்தில், மின்சாரம் கொடுத்தது. இழையின் சூடு அந்த இடைவெளிகளை மூடி மறைத்தது. பாலி என்னும் கம்பெனியோ ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் எஸ்.சி.ஆர். வைத்தது.

பழைய யந்திரங்களைப் போற்றுகிறவர்கள் அவற்றில் எல்.இ.டி. பல்புகளை மாட்டியவுடன், எட்டு வரிசை யந்திரம் சிமிட்டிற்று, பாலி யந்திரம் நடுங்கிற்று. எஸ்.சி.ஆர். ஒரு முறை திறந்தால், தன் வழியே குறைந்தபட்சம் இவ்வளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால்தான் திறந்தபடி நிற்கும். கூட்டம் குறைந்தால் கதவைச் சாத்திவிடும் வாயில்காப்போன் அது. குண்டு பல்பு தாராளமாகக் குடித்ததால் கதவு திறந்தே நின்றது. எல்.இ.டி. சிறுகச் சிறுக உறிஞ்சுவதால், கதவு சாத்திச் சாத்தித் திறக்கிறது. அவர்கள் கண்ட பரிகாரம், பல்புக்குப் பக்கத்தில் ஒரு சிறு மின்தடையைச் சேர்த்து, வீணாகவேனும் கொஞ்சம் மின்சாரத்தைக் குடிக்க வைப்பது.

திருச்செங்கோட்டுக் கைப்பெட்டிக்குள்ளும் உட்கார்ந்திருப்பவன் அதே எஸ்.சி.ஆர். லாரியும் ரிக்கும் நிறைந்த இந்த ஊரில் லோடு என்றால் பாரம் ஏற்றுவது. மின்சாரக்காரர் பேச்சிலும் அது லோடுதான். “லோடு பத்தலீங்க, அதான் ஆடுது” என்று சொல்லிவிட்டு, சீரியல் செட்டுக்காரர் சாரத்திலிருந்து இறங்கித் தம் பெட்டியைத் திறக்கிறார். பழைய தினசரித் தாளில் சுற்றிய சிவப்பு ஜீரோ வாட் பல்புகள் நாலைந்து அதில் இருக்கின்றன. ஜீரோ என்று பெயரே தவிர, அதுவும் ஒரு பத்துப் பதினைந்து வாட்டுத் தின்னும் குண்டு பல்புதான். கடையில் இப்போது கேட்டால் எல்லா நாளும் கிடைப்பதில்லை. ஆகையால் பழுதான வீட்டு விளக்குகளிலிருந்து கழற்றிச் சேர்த்து வைத்திருக்கிறார். மயிலின் முதுகுப்புறம், ஜனங்கள் கண்ணில் படாத இடத்தில், சரத்தோடு பக்கவாட்டில் ஒன்றை மாட்டுகிறார். கழுத்தின் நடுக்கம் நின்றுவிடுகிறது. முன்புறத்தில் நீலமும் பச்சையுமாகத் தோகை விரிய, குழந்தைகள் தோளில் ஏறி நின்று பார்க்கிறார்கள். பின்புறம் சாக்குப் படுதாவின்மேல் சிவந்த வெளிச்சத்தைச் சிந்திக்கொண்டு, இரண்டு மூன்று பூச்சிகள் சுற்ற, அந்தப் பல்பு எரிந்துகொண்டிருக்கிறது.